ஊர்க்காவலும் ஏட்டுக் கல்வியும்

புதுச்சேரி நகரத்திலிருந்து வழுதாவூர் சாலையில் வடமேற்கே செல்கின்றவர்களுக்குக் கதிர்காமம் இப்பொழுது தனியூராகப் புலப்படுவதில்லை. வீடுகளும் கடைகளும் இடைவெளியின்றித் தொடர்ந்து வர, 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியின் பெரிய கட்டடங்கள் கண்ணில் படும்பொழுதுதான் ஊர் வந்துவிட்டதென்று தெரிகிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் உழவர்கரைக் 'கொம்யூன்' என்னும் உள்ளாட்சிப் பிரிவைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்றும் உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சற்றுத் தொலைவில் உள்ள கோரிமேட்டில் காவல்துறையின் மைதானம் இருக்கின்றது. காவலர் தேர்வு நடைபெறும் காலங்களில் பொழுது புலருமுன்பே இளைஞர்கள் அங்கே வந்து கூடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பள்ளி மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், குடியிருப்புச் சான்றிதழ், பலரிடம் பி.ஏ., பி.காம். பட்டங்களும் உண்டு. பெயர் கூப்பிட்டவுடன் உறையை உடன் வந்த தாயிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டு ஓடுபாதைக்குச் செல்கிறார்கள். புதுச்சேரிக் காவலர்க்கே உரிய அந்தச் சிவப்புத் தொப்பி, பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற அந்த 'கெப்பி', தம் தலையில் ஏறவேண்டுமென்பது அவர்களுடைய கனவு. உறைக்குள் இருக்கும் ஏடு, ஓடுகிற கால் ஆகிய இரண்டில் எது ஊரைக் காக்கும் என்னும் கேள்வி அந்த மைதானத்து வேலியோரத்தில் நின்றபொழுதுதான் என் உள்ளத்தில் எழுந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்தக் கேள்வி வேறோர் உருவத்தில் கேட்கப்படுகிறது. அங்கே பெரும்பாலான மாகாணங்களில், நம் வட்டத்தையோ மாவட்டத்தையோ ஒத்த 'கவுண்டி' ஒவ்வொன்றுக்கும் 'ஷெரிப்' என்னும் காவல் தலைவரை ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்தலுக்கு நிற்கும் அபேட்சகர் கல்லூரிப் பட்டம் பெற்றவராக இருக்கவேண்டுமா என்பது அவர்களிடையே நெடுங்காலத்து வாதம். பட்டமில்லாதவர் சட்டத்தை எப்படி அறிவார் என்று ஒரு சாராரும், வாக்காளன் நம்பிக்கையைக் காட்டிலும் பெரிய பட்டம் உண்டோ என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். நம் நாட்டில் காவல் தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லையாயினும், ஊரைக் காப்பவனுக்கும் ஊர்க்காரியம் நடத்துபவனுக்கும் கல்வி வேண்டுமா என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. அமெரிக்கா என்றொரு நாடு இருப்பதை உலகம் அறியுமுன்பே தமிழர் அதைப்பற்றிச் சிந்தித்திருக்கின்றனர். கல்லில் வெட்டியும் வைத்திருக்கின்றனர்.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சியில், நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்காவலரின் வருணனை வருகிறது. அவர்கள் கண் துஞ்சாதவர்கள், அஞ்சாதவர்கள் என்று கூறுவதோடு புலவர் நிற்கவில்லை; நூல் வகுத்த நெறியினின்றும் பிறழாத நுட்பமான ஆராய்ச்சியுடையவர்கள் என்றும் கூறுகிறார். கள்வரின் வழிகளை ஆராயும் நூலொன்று இருந்தது, அதைக் காவலர் கற்றிருந்தனர் என்பது இதனால் பெறப்படுகிறது. நம் இலக்கியத்தில் காவலன் ஏட்டோடு தொடர்புடையவனாகத் தோன்றும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று.

ஆனால் அதே மதுரையில், சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கதை வேறுவிதமாகப் போகிறது. கோவலனைச் சுட்டிக்காட்டும் பொற்கொல்லனிடம், இவன் முகத்தைப் பார்த்தால் களவு செய்தவனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்குகின்றனர். அவர்களுக்கு இருந்தது பல்லாண்டு இரவுகளில் பல நூறு முகங்களைக் கண்ட பழக்கம். பொற்கொல்லனோ களவு நூலில் வல்லவன். கள்வர் மந்திரத்தைத் துணைக்கொள்வர், தெய்வத்தைத் துணைக்கொள்வர், மருந்தை, நிமித்தத்தை, தந்திரத்தை, இடத்தை, காலத்தை, கருவியைத் துணைக்கொள்வர் என்று எட்டு வகையையும் அடுக்கி, சாஸ்திரம் பேசி, அவர்களுடைய நேர்மையான ஐயத்தை வாயடைக்கச் செய்துவிடுகிறான். இறுதியில் வாளை ஓங்கி வீசியவன் அந்தக் கூட்டத்திலே கல்வியற்ற குடியன் ஒருவன் என்று இளங்கோவடிகள் தெளிவாகக் குறிக்கிறார். இவ்விடத்தைப் படிக்கும்தோறும் எனக்கு நெஞ்சு நடுங்கும். கற்றவன் பொய்யுரைத்தான், கல்லாதவன் வெட்டினான், அனுபவத்தால் உண்மையை உணர்ந்தவர்கள், தாம் உணர்ந்ததைச் சொல்லி நிலைநிறுத்தும் அளவுக்குக் கல்வியில்லாமையாலோ துணிவில்லாமையாலோ மௌனமாக நின்றார்கள். காவலுக்குக் கல்வி வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் இந்த ஒரே காட்சியிலிருந்து தம் தம் வாதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அபேட்சகருக்குக் கல்வி யோக்கியதாம்சம் இன்னதென்று அளவிட்டு எழுதி வைத்த தமிழ்நாட்டுச் சாசனம் உத்தரமேரூரில் இருக்கிறது. முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடு அது. வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இன்றும் அதைக் காணலாம். ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். குடத்தில் பெயர் விழவேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்ந்திருக்க வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்கவேண்டும். மந்திர பிராமணங்களை அறிந்து பிறர்க்கு ஓதுவிக்க வல்லவராக இருக்கவேண்டும். இத்தனையும் கூறிய சபையார் ஒரு சலுகையும் சேர்த்தனர்: ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களுள் ஒன்றும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். நிலம் குறைந்த இடத்தைக் கல்வி ஈடு செய்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் கலிபோர்னியா மாகாணத்தார் ஷெரிப் பதவிக்கு எழுதியுள்ள சட்டத்தைப் பார்க்கின்றவர்களுக்கு இந்தத் தராசு நினைவுக்கு வராமல் இராது. அங்கே காவலர்க்குரிய உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர் நிற்கலாம். இல்லையேல், முதுகலைப் பட்டம் பெற்றவருக்கு ஓராண்டுக் காவற்பணி போதும். இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு இரண்டாண்டு வேண்டும். இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு உடையவருக்கு மூன்றாண்டு. பள்ளியிறுதியோடு நின்றவருக்கு நான்காண்டு. ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும். உத்தரமேரூரில் நிலத்துக்கும் வேதத்துக்கும் இடையே போட்ட கணக்கை அவர்கள் அனுபவத்துக்கும் பட்டத்துக்கும் இடையே போட்டிருக்கிறார்கள். வேறு பல மாகாணங்களில் பட்டமே கேட்பதில்லை.

எனினும் உத்தரமேரூர்ச் சாசனத்தில் என் கண்ணுக்கு மிகப் பெரிதாகப் படுவது கல்விப் பகுதியன்று. முன்னர் ஏதேனும் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் குடத்துக்கு வரலாகாது என்றும், அவருடைய சிற்றவ்வை, பேரவ்வை மக்கள் முதலாக உறவினர் பலரும் வரலாகாது என்றும் நீண்டதொரு பட்டியலைச் சபையார் வெட்டி வைத்திருக்கிறார்கள். வேதம் நான்கும் ஓதியவராயினும் கணக்குக் காட்டாதவர் காட்டாதவரே. நிலக் குறைவுக்குக் கல்வி ஈடாகலாம். கணக்குக் காட்டாமைக்கு ஈடு எதுவும் அந்தக் கல்லில் இல்லை. அதே சமயத்தில் மறைக்கலாகாத ஓர் உண்மையும் உண்டு. அது பிராமணர் ஊராகிய பிரமதேயத்துச் சபை. அங்கே கேட்கப்பட்ட கல்வி, உழுதவனுக்கும் பறையறைந்தவனுக்கும் பெண்டிர்க்கும் கற்க அனுமதியே இல்லாத கல்வி. கற்கவிடாமல் வைத்திருந்து, கற்கவில்லையென்று புறத்தே நிறுத்துவது நீதியாகாது. படிப்பை யோக்கியதாம்சமாக வைக்கும் ஒவ்வொரு காலத்திலும் இந்தத் தோஷம் பின்தொடர்ந்து வருகிறது.

இனி ஷெரிப் என்னும் சொல் நம் கரைக்கு வந்த கதையையும் சிறிது சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 'ஷயர்' என்னும் நாட்டுப் பிரிவுக்கு அரசன் வைத்த 'ரீவ்' என்னும் மணியக்காரனே ஷெரிப் ஆனான். 1726-ஆம் ஆண்டின் ராஜசாசனத்தால் சென்னையிலும் ஷெரிப் ஸ்தானம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் கவர்னரும் ஆலோசனைச் சபையாரும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். கோர்ட்டாரின் சம்மன்களைச் சேர்ப்பிப்பதும் தீர்ப்புகளை நிறைவேற்றுவதும் அவர் கடமை. பிற்காலத்தில் அது வெறும் கௌரவ ஸ்தானமாகி, விருந்தினரை வரவேற்பதும் பொதுக்கூட்டம் கூட்டுவதுமாகத் தேய்ந்து, 1998-இல் எடுக்கப்பட்டது. சென்னையில் உண்மையாகக் கள்வரைத் துரத்தியவர் ஷெரிப் அல்லர். பெத்த நாயக்கர் என்னும் பாளையக்காரர். வரியில்லா நன்செய்யும், அரிசி, மீன், எண்ணெய், பாக்கு முதலியவற்றின்மீது சிறு தீர்வையும் அவருக்கு மானியம். அதற்கு ஈடாக, களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். முடியாவிட்டால் தம் கையிலிருந்து இறுக்கவேண்டும். தமிழ்நாட்டுக் காவல் முறையின் உயிர்நிலை அதுதான். களவு போனால் காவற்காரனே கட்டித் தரவேண்டும் என்றிருந்தபொழுது, அவனுக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவனே கள்வரோடு கூடிக்கொண்டு காவற்கூலி வாங்கிய ஊர்களும் இருந்தன. ஆகையால் பழைய முறையைப் பொற்காலம் என்று போற்ற நான் முன்வரவில்லை.

புதுச்சேரியில் அந்த ஸ்தானத்துக்கு நயினார் என்று பெயர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் நயினாரை நன்கு அறிவார்கள். அது ஒருவருடைய பெயரன்று, பதவியின் பெயர். சேவகர்களோடு தெருக்காவல் செய்வது, துரை உத்தரவு பிறந்தவுடன் ஆளைப் பிடித்துக்கொண்டு வருவது, சாவடியில் நிறுத்துவது, ஊராருக்குச் செய்தி அறிவிப்பது யாவும் அவருடைய வேலை. சாவடியென்பது தமிழருடைய வழக்குகளைத் தமிழருடைய வழக்கப்படி தீர்த்த நியாயஸ்தலம். பிரெஞ்சுக்காரர் அச்சொல்லையே தம் நாவுக்கு ஏற்பத் திரித்து 'ஷோத்ரி' என்று வழங்கினார்கள். நயினாருக்கு மேலே, தமிழர்களுக்கெல்லாம் தலைவராகத் துபாஷ் இருந்தார்.

அந்தத் துபாஷ் ஸ்தானத்துக்கு எந்த யோக்கியதாம்சம் பார்க்கப்பட்டது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் காலமானபின் அந்த ஸ்தானம் காலியாயிற்று. அப்பொழுது அபேட்சகர்கள் பலர் கிளம்பினார்கள்; கவர்னர் துப்ளேக்ஸ் துரையின் மனைவிக்கு இன்னார் இவ்வளவு தர இசைந்தார் என்னும் பேச்சு நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் வருகிறது. கிறிஸ்தவருக்கே அந்த ஸ்தானம் கொடுக்கவேண்டுமென்று பாதிரிமார் வற்புறுத்தினர். ஆகவே மதம் ஒரு யோக்கியதை, பணம் ஒரு யோக்கியதை, குலம் ஒரு யோக்கியதை. 1747-இல் அந்த ஸ்தானத்தைப் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை எந்தக் கல்லூரியிலும் காலெடுத்து வைத்தவரல்லர்.  ஆனால் 1736-இலிருந்து 1761-இல் இறக்கும் தறுவாய் வரையில், தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் தமிழில் எழுதி வைத்தார். ஊர்த்தலைமை வகித்த ஒருவர் தம் செயலைத் தம் ஜனங்களின் மொழியிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான், அவருடைய குணத்தையும் குற்றத்தையும் இன்று நாம் எடைபோட முடிகிறது.

எழுத்தறிவு காவல் விஷயத்தில் எப்படி உயிரை எடுக்கும் என்பதற்கு அவருடைய உறவினரான நைனியப்பப் பிள்ளையின் கதையைக் காட்டவேண்டும். முந்திய துபாஷாக இருந்த அவரை 1716-இல் கவர்னர் எபேர் சிறைப்படுத்தினார். கொடுங்கோன்மையும் கலகமும் செய்தார் என்பது குற்றச்சாட்டு. சாட்சிகள் தமிழர், அவர்களுடைய வாக்குமூலங்கள் எழுதப்பட்டதோ பிரெஞ்சு மொழியில். தங்களுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே கையெழுத்திட்டதாகப் பின்னர் அவர்களே கூறினார்கள். பகிரங்கமாகச் சவுக்கடி, சிறைவாசம், சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்று வழக்காடினார். தந்தைமேல் சுமத்திய பழி பின்னர் நீக்கப்பட்டது. உயிர் போனபின் வந்த நியாயம் அது. விசாரித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். அந்தக் காலத்துக்கு நன்றாகவே படித்தவர்கள். அவர்களுக்குப் படிப்பு இருந்தது. யாரை விசாரித்தார்களோ அவர்கள் படித்துப் பார்க்கத்தக்க எழுத்து இல்லை. காவல் அதிகாரியின் கல்வியைப்பற்றி நான் கேட்கவேண்டிய முதற் கேள்வியை இந்த வழக்கிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்: அவர் எழுதுவது எந்த மொழியில், அதை யார் படித்துச் சரி பார்ப்பார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டின் காலம் வந்தது. 1826-இல் புதுச்சேரியில் அரசாங்கக் கல்லூரி திறக்கப்பட்டது. 1827-இல் சாவடி நியாயஸ்தலம் எடுக்கப்பட்டு, இந்து தர்மமும் வழக்கமும் இன்னவென்று நீதிபதிகளுக்கு எடுத்துச் சொல்ல ஒன்பது இந்தியர் அடங்கிய ஆலோசனைக் கமிட்டி அமைக்கப்பட்டது. 1838-இல் சட்டக் கல்வி தொடங்கிற்று. பிள்ளைகள் 'செர்த்திபிக்கா', 'பிரெவே' என்னும் பரீட்சைச் சான்றிதழ்களைப் பெற்றுச் சர்க்கார் உத்தியோகத்தில் அமரலாயினர். அதுவரை நயினார் குடும்பத்திலோ துபாஷ் குடும்பத்திலோ பிறந்தாலன்றி அதிகாரத்தின் வாசலை மிதிக்க இயலாதிருந்தவர்களுக்கு, பரீட்சை ஒரு வாசலைத் திறந்தது. இதை நான் சிறிதாக எண்ணவில்லை. இன்று தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பும் சார்பு ஆய்வாளருக்குப் பட்டப்படிப்பும் வேண்டுமென்று விதி இருப்பதனால், செல்வாக்கோ பரம்பரையோ இல்லாத கூலிக்காரர் வீட்டுப் பெண்ணும் எழுத்துப் பரீட்சையில் தேறித் தோளில் நட்சத்திரம் அணிந்து நிற்கிறாள். முன்பு குலம் பார்த்தார்கள், இப்பொழுது மதிப்பெண் பார்க்கிறார்கள். இரண்டினுள் மதிப்பெண்ணே நியாயமானது. நியமனம் பெறும் உத்தியோகத்துக்குப் பரீட்சை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்தானத்துக்கும் அதே விதி பொருந்துமா என்பதுதான் வழக்கு. புதுச்சேரியில் அமெரிக்க ஷெரிப்புக்குச் சிறிதளவேனும் ஒப்பான ஸ்தானம் ஒன்று இருந்ததானால் அது 'மேர்' ஸ்தானம். 1880 மார்ச் 12-ஆம் நாள் பிறந்த ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் ஏற்பட்டன. உழவர்கரை அவற்றுள் ஒன்று. 1907-இல் அவை பதினேழாயின. கொம்யூனின் மேர், பிரெஞ்சு நாட்டு வழக்கப்படி, பிறப்பு இறப்பு விவாகங்களைப் பதிவு செய்பவர். தெரு ஒழுங்கையும் சந்தை ஒழுங்கையும் காப்பவர். தேர்தல் சாவடியில் தலைமை வகிப்பவரும் அவரே. கதிர்காமத்துக் குடியானவன் ஒருவனுக்குப் பிள்ளை பிறந்தாலும் பெற்றோர் இறந்தாலும் மேரின் அலுவலகமாகிய 'மேரி'க்குச் சென்று சொல்லி எழுதுவித்தாக வேண்டும். வாக்காளரிடமோ சொத்தும் கேட்கப்படவில்லை, படிப்பும் கேட்கப்படவில்லை. வயது வந்த ஆண்மக்கள் வாக்களித்தார்கள். எல்லைக்கு அப்பால் தென்னார்க்காட்டில் இங்கிலீஷ் சர்க்கார் வரி கட்டுபவனையும் பிற்காலத்தில் எழுத்தறிந்தவனையும் தேடி வாக்குரிமை கொடுத்துக்கொண்டிருந்தபொழுது, வரப்புக்கு இப்பால் இருந்த எழுத்தறியாத உழவனிடம் வாக்கு இருந்தது.

அந்த வாக்கு எப்படி நடத்தப்பட்டது என்பதைச் சொல்லும்பொழுது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. 1884-இல் ஐரோப்பியர், தம் குலவழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட 'ரெனோன்சான்', துறவாத இந்தியர் என வாக்காளரை மூன்று பட்டியலாக்கினார்கள்; 1899-இல் இரண்டாக்கினார்கள். பெரும்பான்மையான ஜனங்களின் வாக்கு எண்ணிக்கைக்குத் தக்க எடை பெறவில்லை. நாடு சண்முக வேலாயுத முதலியார் போன்ற தலைவர்களின் கைக்குள் கொம்யூன்கள் அடங்கின. அடியாட்களும் தடியடியும் தேர்தலோடு பிறந்தவை போலாயின. பதிவேடும் ஒழுங்கும் வாக்குப்பெட்டியும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையைத் தணிக்கை செய்ய உள்ளூரில் யாருமில்லை. அந்தக் காலத்து மேர்களில் பிரெஞ்சு மொழியில் தேர்ந்தவர்களும், சட்டம் கற்றவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய படிப்பு அந்தத் தேர்தல்களைத் தூய்மை செய்யவில்லை. உத்தரமேரூர்க் கல்லில் இருந்த கணக்குக் காட்டும் விதி இங்கே ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

அந்த முறை எவ்வளவு குறையுடையதாயினும், வரலாற்றின் மிகப் பெரிய முடிவொன்று அதன் வழியாகவே வந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில், பிரதிநிதி சபையினரும் கொம்யூன்களின் முனிசிபல் கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தனர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் பிரான்சோடு செய்துகொண்ட இணைப்பு உடன்படிக்கை சட்டப்படி நிறைவேறிற்று. ஒரு நாட்டின் தலைவிதியை நிர்ணயித்த அந்த 178 பேரில் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஜனங்கள் அனுப்பினார்கள் என்பதே அவர்களுடைய யோக்கியதாம்சம்.

இந்தப் பூர்வ கதையெல்லாம் அண்மையில் ஏன் என் நினைவுக்கு வந்ததென்றால், நம் குடியரசிலேயே இவ்வாதம் மீண்டும் எழுந்திருக்கிறது. 2014 டிசம்பரில் ராஜஸ்தானத்தில் ஓர் அவசரச் சட்டத்தால், ஊராட்சித் தலைவராக நிற்பவர் எட்டாம் வகுப்பும், மேல்நிலை ஊராட்சி அமைப்புகளுக்கு நிற்பவர் பத்தாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டுமென்று விதித்தார்கள். 2015-இல் ஹரியானாவில் பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் அதனினும் குறைந்த படிப்பும் கட்டாயமாயின. ராஜ்பாலா வழக்கில் 2015 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நன்மை தீமைகளைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே மனிதனுக்கு அளிக்கிறது என்பது நீதிமன்றத்தின் கருத்து. ராஜஸ்தானத்தார் 2019-இல் தம் விதியை நீக்கிவிட்டனர். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தக்க மரியாதையோடு படித்தபின்னரும் என் மனம் ஒப்பவில்லை. பள்ளிக்கூடம் ஊருக்கு வராத காலத்தில் பெண்ணாகப் பிறந்து, களை பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயொருத்தி, தன் ஊர் ஏரியின் மதகு எங்கே கசிகிறது என்று நன்கறிந்தவள், பள்ளிச் சான்றிதழ் இல்லாமையால் நிற்கவே கூடாதென்பது, பிரமதேயத்துச் சபையார் செய்த அதே அநீதியைக் குடியரசின் பெயரால் செய்வதாகும். அவள் தகுதியற்றவளானால் ஊரார் வாக்களிக்காமல் விடட்டும். நிற்கும் உரிமையைப் பறிப்பானேன்?

நியமனத்துக்குப் பரீட்சை, தேர்தலுக்கு வாக்கு, இரண்டிற்கும் கணக்கு என்பதே என் தீர்மானம். கோரிமேட்டு மைதானத்தில் ஓடுகிற இளைஞன் சட்டம் கற்றுத்தான் ஆகவேண்டும். புகார் கொடுக்க வரும் கிழவிக்கு, தான் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரிதானா பாட்டி என்று கேட்டபின் கைரேகை வாங்குமளவுக்கு அவனுடைய கல்வி இருக்கவேண்டும். அந்த ஒரு நிமிஷ வாசிப்பு நடந்திருந்தால் நைனியப்பப் பிள்ளை சிறையில் மாண்டிருக்க மாட்டார். ஊரார் தேர்ந்தெடுக்கும் தலைவருக்கோ ஊராரே பரீட்சகர். குறித்த காலத்தில் அந்தப் பரீட்சை நடந்தால் போதும்.

அது நடக்கவில்லை. கதிர்காமத்துக்கும் உழவர்கரைக்கும் புதுச்சேரி முழுமைக்கும் 1968-இல் நகரசபைத் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல், முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமல் நின்றுபோயிற்று. அபேட்சகர் படித்திருக்க வேண்டுமா என்று வாதிடும் நண்பர்களே, முதலில் அபேட்சகர் நிற்பதற்கு ஒரு தேர்தல் வேண்டும் என்று என்னோடு சேர்ந்து கேளுங்கள்.